முதல் மிகுபுனைவு நாவலுக்கு முன்பதிவில் காசு சேர்ப்பது எப்படி: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல்லுக்குள் ஓடும் தண்ணீருக்கு ஓர் அரசு இருக்கிறது. மேலே கிணறு வெட்டியவர்களிடம் அது வரி கேட்கிறது. இதுதான் என் மிகுபுனைவு (ஃபான்டசி) நாவல். 320 பக்கம். அதற்கு முன் ஒரு சிறுகதைகூட அச்சில் வந்ததில்லை. பதிப்பகங்கள் காசைக் கட்டினால் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். காசு இல்லாததால் முன்பதிவில் சேர்த்தேன்.

புத்தகம் வந்த பிறகு ஐந்தாறு பேர் வழி கேட்டு வந்தார்கள். பேய், தேவதை, இறந்தவர் திரும்பி வரும் ஊர் என்று ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருந்தது. எல்லாரும் தடுக்கியது ஒரே இடத்தில்: காசு கேட்பதை முதல் வேலையாக வைத்திருந்தார்கள். அது ஏழாவது வேலை. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

எழுதி முடித்த கைப்பிரதி. உங்கள் பெயரில் புதிதாகத் திறந்த, வேறு எந்தக் கொடுக்கல் வாங்கலும் நடக்காத ஒரு வங்கிக் கணக்கு. ஓர் எக்செல் தாள். கதையோடு உறவில்லாமல் எழுத்துப்பிழையை மட்டும் பார்க்கக்கூடிய ஒருவர். வெளிநாட்டில், காசு விசயத்தில் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் ஒருவர்.

இவற்றோடு ஏறக்குறைய 80,000 ரூபா சொந்தக் காசும் வேண்டும். செம்மையாக்கம், அட்டை ஓவியம், கதையுலகின் வரைபடம் மூன்றும் அறிவிப்புக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அட்டை இல்லாத புத்தகத்துக்கு முன்பின் தெரியாதவர் காசு போடமாட்டார். அந்தத் தொகை கையில் இல்லையென்றால் திகதியைத் தள்ளிப் போடுங்கள். ஓவியரிடம் கடன் சொல்லித் தொடங்க வேண்டாம்.

1. கதையை முடியுங்கள், ஒரு புத்தகமாக முடியுங்கள்

மிகுபுனைவு எழுதுகிறவர்களுக்கு மூன்று பாகத்தில் ஓர் ஆசை உண்டு. பெயர் தெரியாத எழுத்தாளரின் முதற்பாகத்தை வாங்குகிறவருக்கு உள்ளே ஒரு பயம் இருக்கும்: இவர் இரண்டாம் பாகம் எழுதுவாரா? பாதியில் நிற்கும் கதைக்கு ஏன் காசு? ஆகவே முதற்புத்தகம் தன்னளவில் முடிய வேண்டும். கதவைத் திறந்து வைக்கலாம், ஆளைக் கிணற்றுக்குள் தொங்கவிட்டுப் போகக்கூடாது.

"பாதி எழுதியிருக்கிறேன், காசு வந்தால் மீதியை எழுதிவிடுவேன்" என்று வந்த தம்பி ஒருவருக்கு நான் சொன்னது, முதலில் எழுதிவிட்டு வா என்பதுதான். காசு வந்த பிறகு எழுதுவது வேறு வேலை. ஒவ்வொரு நாளும் யாராவது "புத்தகம் எங்கே?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நடுவே ஓர் உலகத்தைக் கட்ட முடியாது.

2. உங்களைத் தெரியாத வாசகரைத் தேடுங்கள்

சொந்தக்காரரும் கூடப் படித்தவர்களும் புத்தகம் வாங்குவார்கள், பலர் வாசிக்கமாட்டார்கள். அவர்களை வைத்துக் கணக்குப் போட்டால் 60, 70 பிரதியோடு வண்டி நிற்கும். அறிவிப்புக்கு ஆறு மாதத்துக்கு முன்பே முதல் மூன்று அத்தியாயங்களைப் பிடிஎஃப் ஆக்கி, இலவசமாகக் கொடுக்கத் தொடங்குங்கள். நூலகத்தில், வாசகர் வட்டத்தில், பல்கலைக்கழக நண்பர்களின் நண்பர்களிடம், முகநூலில் புத்தகம் பற்றி எழுதுகிறவர்களிடம்.

கொடுக்கும்போது ஒரேயொரு நிபந்தனை வையுங்கள்: பெயரும் வட்ஸ்அப் இலக்கமும் தர வேண்டும், உங்கள் இலக்கத்தைத் தங்கள் தொலைபேசியில் சேமிக்க வேண்டும். இரண்டாவது பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வட்ஸ்அப்பின் ஒலிபரப்புப் பட்டியல் மூலம் அனுப்பும் செய்தி, உங்கள் இலக்கத்தைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுந்தான் போகும். ஒரு பட்டியலில் 256 பேருக்குமேல் சேர்க்கவும் முடியாது. நான் இது தெரியாமல் 140 பேருக்கு அனுப்பிவிட்டு, ஒருவரும் பதில் போடவில்லை என்று இரண்டு நாள் மனம் நொந்திருந்தேன். பார்த்தால் பாதிப் பேருக்கு மேல் செய்தியே போய்ச் சேரவில்லை.

ஆளைத் தெரிவு செய்யும் அளவுகோல் இது: வாசித்துவிட்டு "நல்லாயிருக்கு" என்றவரை எண்ணாதீர்கள். "நாலாம் அத்தியாயம் எப்ப தருவீங்கள்?" என்று கேட்டவரை எண்ணுங்கள். எக்செல் தாளில் அவர் பெயருக்கு நேரே ஒரு புள்ளி போடுங்கள். 100 புள்ளி சேரும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

சேரவில்லையென்றால் குற்றம் பெரும்பாலும் முதல் அத்தியாயத்தில் இருக்கும். என்னுடையது அரச வமிசத்தின் பன்னிரண்டு தலைமுறையோடு தொடங்கியது. ஒருவரும் மூன்றாம் பக்கம் தாண்டவில்லை. அதைத் தூக்கிவிட்டு, நிலாவரையைப் போல அடியே இல்லை என்று ஊரார் சொல்லும் ஒரு கிணற்றில் வாளி விட்ட பெண்பிள்ளைக்கு, கயிற்றின் மறுமுனையை யாரோ இரண்டு தரம் இழுத்துவிடுகிற காட்சியை முன்னுக்குக் கொண்டுவந்தேன். அதன் பிறகுதான் புள்ளிகள் விழத் தொடங்கின.

3. பக்கம், தாள், எடை

இதை ஏன் விலைக்கு முன்னால் வைக்கிறேன் என்றால், விலையையும் தபாற் செலவையும் தீர்மானிப்பது எடை. எடையைத் தீர்மானிப்பது பக்கமும் தாளும்.

நாவலுக்கு டெமி அளவு போதும்: ஐந்தரைக்கு எட்டரை அங்குலம். அச்சகம் 16 பக்கத்தை ஒரு போர்மாவாகக் கணக்கெடுக்கும். 320 பக்கம் என்றால் சரியாக 20 போர்மா. 323 பக்கம் வந்துவிட்டால் அந்த மூன்று பக்கத்துக்காக இன்னொரு போர்மா ஓடும், அதற்கும் காசு. எழுத்தளவை அரைப் புள்ளி குறைத்தோ, அத்தியாயத் தலைப்புக்கு மேலே விட்ட வெளியைச் சுருக்கியோ 320க்குள் கொண்டுவாருங்கள்.

எடையை வீட்டிலேயே கணிக்கலாம். டெமித் தாள் ஒன்று 0.14 மீற்றருக்கு 0.216 மீற்றர். 320 பக்கம் என்றால் 160 தாள். பெருக்கினால் ஏறக்குறைய 4.84 சதுர மீற்றர். 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றருக்கு 80 கிராம்) தாளென்றால் 387 கிராம், 70 ஜிஎஸ்எம் என்றால் 339 கிராம். அட்டைக்கு இன்னொரு 20 கிராம். பொதி செய்து, உள்ளே புத்தக அடையாளமும் ஒரு கடிதமும் வைத்தால் 80 ஜிஎஸ்எம் பிரதி 470 கிராம் அளவில் வந்து நிற்கும். 480 பக்க நாவலென்றால் உள்தாள் மட்டுமே 580 கிராம். கதையை வெட்டச் சொன்னால் கேட்காதவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு வெட்டுகிறார்கள்.

வரைபடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மிகுபுனைவென்றால் எல்லாரும் இரண்டு பக்கம் விரியும் வரைபடம் கேட்பார்கள். பசை போட்டுக் கட்டும் புத்தகத்தில் நடுப்பகுதியை முதுகு விழுங்கிவிடும். தலைநகரை நடுவில் வரையாதீர்கள். நடுக்கோட்டின் இரு பக்கமும் பத்து மில்லிமீற்றர் வெற்றிடம் விட்டு வரையச் சொல்லுங்கள். தனி வரைபடத் தாளைச் சுருட்டிக் குழாயில் அனுப்பும் யோசனையை அடியோடு விடுங்கள். குழாய் தபாலில் நசுங்கும், செலவும் புத்தகத்தின் செலவைத் தாண்டும்.

4. கணக்குப் போடுவது

மூன்று அச்சகத்தில் எழுத்தில் விலை கேளுங்கள், அந்த விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்றும் எழுதி வாங்குங்கள். 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளையே தள்ளிவைத்தார்கள். அந்த மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. வாய்ப்பேச்சில் விலை வாங்கியிருந்தவர்களின் கதி என்னவென்று யோசித்துப் பாருங்கள்.

உதாரணமாக ஒரு கணக்கு. உங்கள் அச்சகத்தின் விலை வேறாக இருக்கும், முறையை மட்டும் பாருங்கள். செம்மையாக்கம் 40,000. அட்டை ஓவியம் 30,000. வரைபடம் 10,000. பக்க வடிவமைப்பு 20,000. 300 பிரதி அச்சு, ஒன்று 750 வீதம் 225,000. உள்ளூரில் 120 பொதிக்கு உறையும் தபாலும் ஒன்று 250 வீதம் 30,000. கூட்டினால் 355,000. இதற்கு மேல் பத்து வீதம் எதிர்பாராச் செலவுக்கு: 35,500. மொத்தம் 390,500 ரூபா.

இப்போது புதியவர்கள் செய்யும் பிழை: 390,500ஐ 300ஆல் வகுத்து, 1,300 ரூபா விலை என்று முடிவு செய்வது. 300 பிரதியும் முன்பதிவில் போகாது. 25 பிரதி இலவசமாகவே போய்விடும். சட்டப்படி கொடுக்க வேண்டியது, நூலகம், ஓவியர், செம்மையாக்கியவர், மதிப்புரை எழுதுகிறவர்கள் எல்லாம் அதில் அடக்கம். கடையில் வைத்தால் கழிவு மூன்றில் ஒரு பங்கு போலப் போகும், மீதிக் காசு வர மாதங்கள் ஆகும். அதனால் முழுச் செலவையும் முன்பதிவே தாங்க வேண்டும்.

உள்ளூரில் 1,500 ரூபாவுக்கு 150 பேர்: 225,000. வெளிநாட்டில் 3,000 ரூபாவுக்குச் சமமான தொகைக்கு 60 பேர்: 180,000. மொத்தம் 405,000. வெளிநாட்டுத் தபாலைச் சேர்க்காத மேற்படி செலவு அடங்குகிறது. 65 பிரதி மிஞ்சும், அது விழாவுக்கும் கடைக்கும்.

தோற்றால் என்ன செய்வீர்கள் என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். நான் எழுதியது: 150 பேர் சேராவிட்டால் ஓப்செற்றுக்குப் போகமாட்டேன், பதிந்தவர்களுக்கு வேண்டிய பிரதியை மட்டும் டிஜிற்றலில் அடிப்பேன், 100 பேருக்கும் குறைந்தால் வாங்கிய காசை 14 நாளுக்குள் திருப்பித் தருவேன். ஓப்செற்றில் தகடு செய்யும் செலவு 100 பிரதிக்கும் 1,000 பிரதிக்கும் ஒன்றுதான். அதனால் சிறு எண்ணிக்கைக்கு டிஜிற்றல் கைகொடுக்கும்.

5. காசு எந்த வழியால் வரும்

எல்லாரும் முதலில் கேட்பது, இணையத்தில் பலரிடம் காசு திரட்டும் தளமான கிக்ஸ்டார்ட்டர். 2022இல் ஓர் அமெரிக்க மிகுபுனைவு எழுத்தாளர் அதில் நான்கு கோடி டொலருக்கு மேல் திரட்டிய செய்தி பலருடைய மனதில் நிற்கிறது. அவருக்குப் பல வருடமாக உலகம் முழுக்க வாசகர் இருந்தார்கள் என்பது நிற்பதில்லை.

நமக்கு அதைவிட நேரடியான தடை ஒன்று உண்டு. கிக்ஸ்டார்ட்டரில் திட்டம் தொடங்கக்கூடிய நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. "லண்டனில் சித்தப்பா இருக்கிறார், அவர் பெயரில் போடலாம்" என்பார்கள். திட்டத்தைப் பதிபவர் தன் சொந்தத் திட்டத்தை, தன் பெயரிலோ தான் சார்ந்த பதிவு பெற்ற நிறுவனத்தின் பெயரிலோதான் பதியலாம். பெயரை மட்டும் இரவல் கொடுப்பது விதிக்குப் பொருந்தாது. வரும் காசும் சித்தப்பாவின் வருமானமாகக் கணக்கில் ஏறும், வரிக் கேள்வி வந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர் உண்மையாகவே பதிப்பாளராக இறங்கினால் அது வேறு.

அப்படி இறங்குகிறவர்களுக்கு மட்டும்: குறித்த இலக்கை எட்டாவிட்டால் ஒரு சதமும் கைக்கு வராது. எட்டினால் தளம் 5 வீதம் எடுக்கும், அட்டைப் பரிமாற்றச் செலவு தனி. சிலருடைய வங்கி அட்டை கடைசியில் வேலை செய்யாமல் போவதும் உண்டு. இலக்கை வைக்கும்போது இதையெல்லாம் கழித்துப் பாருங்கள்.

இங்கிருந்து செய்கிறவருக்கு நடைமுறையில் உள்ள வழி வங்கி முன்பதிவு. அதில் வரும் தலையிடி ஒன்றுதான்: யார் போட்ட காசு? முதல் கிழமையில் என் கணக்கில் பதினொரு பேர் 1,500 ரூபா போட்டிருந்தார்கள். எட்டுப் பேர் குறிப்பில் ஒன்றும் எழுதவில்லை. ஒருவர் "புத்தகம்" என்று எழுதியிருந்தார். மகனின் கணக்கிலிருந்து தாய் அனுப்பியதும், மனைவிக்காகக் கணவன் அனுப்பியதும் கலந்து கிடந்தன.

பிறகு கண்டுபிடித்த வழி சதம். பதிகிறவருக்கு முதலில் ஓர் இலக்கம் கொடுங்கள். 37ஆம் இலக்கக்காரர் 1,500 ரூபா 37 சதம் அனுப்ப வேண்டும். 137 என்றால் 1,501 ரூபா 37 சதம். ஒன்லைனில் அனுப்புகிறவருக்கு இது ஒரு வேலையே இல்லை. வங்கி அறிக்கையில் தொகையைப் பார்த்தாலே ஆள் தெரியும். நேரே வங்கிக்குப் போய்க் கட்டுகிறவர்கள் சதம் தர முடியாது, அவர்களிடம் பற்றுச்சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுக் காசுக்கு நாட்டுக்கு ஒருவர் சேர்ப்பவராக இருக்க வேண்டும். ஒரு பிரதியின் காசைத் தனியாக வங்கியால் அனுப்பினால் அனுப்பும் செலவே அதில் ஒரு பெரிய துண்டைக் கடித்துவிடும். பதினைந்து பேரின் காசை ஒருவர் சேர்த்து, வங்கியாலோ வைஸ் போன்ற செயலியாலோ ஒரே தடவையில் அனுப்பினால் செலவு பரவும். சேர்ப்பவர் ஒரே எக்செல் தாளில் எழுத வேண்டும். அவர் தனித் தாள் வைத்தால் கடைசியில் இரண்டும் ஒத்துவராது. உண்டியலில், அதாவது வங்கியைத் தவிர்த்து ஆள் மூலம் காசு மாற்றும் வழியில், அனுப்பச் சொல்லாதீர்கள். சட்டச் சிக்கல் ஒருபுறம். நாளைக்கு ஒருவர் கணக்குக் கேட்டால் காட்ட ஒரு துண்டுக் கடதாசியும் இருக்காது.

6. என்ன தருவீர்கள், எப்போது அறிவிப்பீர்கள்

மூன்று தெரிவுக்கு மேல் வேண்டாம். புத்தகம்; கையெழுத்திட்ட புத்தகமும் நன்றிப் பக்கத்தில் பெயரும்; நூலகத்துக்கோ பாடசாலைக்கோ ஒரு பிரதி கொடுக்கும் தெரிவு. மூன்றாவதை வெளிநாட்டில் இருப்பவர்கள் விரும்பி எடுக்கிறார்கள். தாங்கள் படித்த பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லி அங்கேயே கொடுக்கச் சொல்வார்கள். தபாற் செலவும் மிச்சம்.

கோப்பை, ரீசேட், சிறு சிலை எதுவும் வேண்டாம். எடையில்லாத வெகுமதிதான் நல்லது: வரைபடத்தின் டிஜிற்றல் பிரதி, அதே உலகத்தில் நடக்கும் ஒரு சிறுகதை. பாத்திரத்துக்கு ஆதரவாளரின் பெயர் வைக்கும் வெகுமதியில் கவனம். சுவிசிலிருந்து ஒருவர் பெரிய தொகைக்குச் சம்மதித்து, பேரனின் பெயரைப் படைத்தளபதிக்கு வைக்கச் சொன்னார். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய நீரரசில் அந்தப் பெயரோடு ஒரு தளபதி வந்து நின்றால் வாசகர் சிரித்துவிடுவார். மரியாதையாக மறுத்தேன். அவர் சாதாரணப் பிரதி ஒன்று எடுத்தார்.

அறிவிப்பில் "தமிழில் முதல்முறையாக" என்று எழுதாதீர்கள். யாராவது ஒருவர் முந்தியதைக் காட்டுவார், மிச்ச நாள் முழுக்க அந்தச் சண்டைதான் ஓடும். கதையை இரண்டு வரியில் சொல்லுங்கள், அட்டையைக் காட்டுங்கள், பக்கம், விலை, கைக்கு வரும் மாதம், தோற்றால் என்ன செய்வீர்கள் என்பதை எழுதுங்கள். செலவுக் கணக்கையும் முழுதாகப் போட்டுவிடுங்கள். உங்களை யாரென்று தெரியாதவர் நம்புவதற்கு அதைவிட வேறு ஆதாரம் உங்களிடம் இல்லை.

திகதி: மாதம் 25க்குப் பிறகு தொடங்கினால் இங்கே சம்பளம் வந்திருக்கும், வெளியிலும் மாத முடிவு நெருங்கியிருக்கும். முள்ளிவாய்க்கால் நினைவு நாளான மே 18ஐயும் மாவீரர் நாளான நவம்பர் 27ஐயும் ஒட்டிய கிழமைகளில் எங்கள் ஆட்களிடம் புத்தகம் விற்கப் போகக்கூடாது. புத்தகம் கைக்கு வரும் மாதம் நல்லூர்த் திருவிழாவோடு பொருந்தினால் மிக நல்லது. அந்த 25 நாளும் வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர்கள் நேரே வாங்கிப் போவார்கள்.

7. இப்போது காசு கேளுங்கள்

30 நாள் போதும். நீட்டினால் "பிறகு போடலாம்" என்று விட்டவர் மறந்துபோவார்.

முதல் மூன்று நாளும் முன்கூட்டியே பேசி வைத்த 40 பேருக்கு உரியவை. இரண்டாம் படியில் புள்ளி விழுந்தவர்களில் நெருக்கமானவர்களைத் தனித்தனியாக அழைத்து, எந்த நாள் போடுவார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். வெறும் பூச்சியத்தைக் காட்டும் பட்டியலில் முதல் ஆளாகப் பெயர் கொடுக்க ஒருவருக்கும் விருப்பமில்லை.

அடுத்த பொறி பாசத்தில் வரும். என் மாமா ரொறொன்ரோவிலிருந்து தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, மொத்தமா எவ்வளவு முடியுது எண்டு சொல்லு. நான் போட்டு விடுறன். உதுக்கு ஏன் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு திரியிறாய்?"

"மாமா, காசு வேண்டாம். பத்துப் பேரிட்டை இந்த மூண்டு அத்தியாயத்தையும் வாசிக்கக் குடுங்கோ. பிடிச்சா அவையே போடட்டும்."

"வாசிக்கிற ஆக்கள் எங்கையடா இஞ்சை?"

முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார். ஏழு பேர் பதிந்தார்கள். அவர் முழுத் தொகையையும் போட்டிருந்தால் 300 பிரதி அச்சாகி, 280 என் கட்டிலுக்குக் கீழே கிடந்திருக்கும்.

பத்தாம் நாளுக்கும் இருபதாம் நாளுக்கும் நடுவே ஒன்றும் நகராது. எல்லாருக்கும் அப்படித்தான். அந்த நாள்களுக்கென்று முன்பே சரக்கு எடுத்து வையுங்கள்: வரைபடத்தின் ஒரு மூலை, நீரரசின் பேச்சுவழக்குச் சொல் ஐந்து, ஓவியரின் கிழித்துப்போட்ட முதல் வரைவு. "இன்னும் 60 பேர்தான் வேண்டும், தயவுசெய்து" என்று கெஞ்சிப் போடும் பதிவைவிட இவை அதிகம் ஓடும்.

வந்த காசிலிருந்து இந்த 30 நாளும் ஒரு சதமும் எடுக்கக்கூடாது. வீட்டில் எந்த அவசரம் வந்தாலும் அந்தக் கணக்கைத் தொடாதீர்கள்.

8. அச்சுக்குக் கொடுப்பது

ஐஎஸ்பிஎன் (சர்வதேசத் தராதர நூல்) இலக்கத்துக்குக் கொழும்பிலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு ஒரு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். பின்னட்டையில் பட்டைக்கோடு வர வேண்டும், அதனால் அட்டை முடியுமுன் இலக்கம் கையில் இருக்க வேண்டும். இலங்கை இலக்கம் 978க்குப் பிறகு 955 அல்லது 624 என்று தொடங்கும்.

அட்டை வடிவமைப்பவர் முதுகின் அகலம் கேட்பார். 80 ஜிஎஸ்எம் தாள் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். 160 தாளுக்கு 16 மில்லிமீற்றர். அச்சகத்திலும் கேட்டு உறுதி செய்யுங்கள். இரண்டு மில்லிமீற்றர் பிழைத்தால் முதுகில் உள்ள தலைப்பு முன்னட்டைக்கு வழிந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் பெரிய ஆபத்து எழுத்துரு. நீங்கள் யுனிக்கோட்டில் எழுதியிருப்பீர்கள், அச்சகம் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் வேலை செய்யலாம். பாமினியில் ஆங்கில விசைகளின் நிறுத்தற்குறி இடங்களில் தமிழ் எழுத்துகள் இருக்கின்றன. மாற்றியில் போட்டு எடுத்தால் அரைப்புள்ளி இருந்த இடத்தில் மெய்ப்புள்ளி வந்து குந்தும், சதுர அடைப்பு ஜகரமாகும். என் பிரதியில் அரசியின் பேச்சு முழுக்க அரைப்புள்ளி. அவள் வாய் திறந்த இடமெல்லாம் எழுத்துகள் உடைந்து கிடந்தன. இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் யுனிக்கோட்டாகவே வடிவமைக்கும் ஒருவரைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால், மாற்றிய பிறகு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை மெய்ப்புப் பாருங்கள். நீங்களே உருவாக்கிய பெயர்களின் பட்டியலை மெய்ப்புப் பார்ப்பவரிடம் கொடுங்கள். இல்லாவிட்டால் அவர் "திருத்தி" விடுவார்.

முழு ஓட்டத்துக்கு முன் கட்டிய மாதிரிப் பிரதி ஒன்று கேளுங்கள். நடுப்பக்கத்தில் விரித்து மேசையில் கவிழ்த்து வையுங்கள். பசை விடுகிறதா என்று அப்போது தெரியும்.

9. அனுப்புவது

பதிந்தவர்களுக்கு முதலில், கடைகளுக்குப் பிறகு. ஆறு மாதம் முன் காசு போட்டவர் கடையில் புத்தகத்தைப் பார்த்தால் திரும்பி வரமாட்டார்.

உள்ளூர்ப் பொதிகளைப் பதிவுத் தபாலில் போட்டு, பதிவிலக்கத்தை எக்செல் தாளில் ஏற்றுங்கள். வடக்குக்குத் தமிழில் முகவரி போதும், தெற்குக்கு ஆங்கிலத்திலும் எழுதுங்கள். ஒரே நாளில் 120 பொதியைத் தூக்கிக்கொண்டு தபாற்கந்தோருக்குப் போகாதீர்கள். முதல் நாளே போய்ச் சொல்லிவிட்டு, 30, 30 ஆகக் கொண்டுபோங்கள். பென்சன் கொடுக்கும் நாள் வேண்டாம்.

வெளிநாட்டுப் பொதிக்கு சி.என்.22 சுங்கத் துண்டு நிரப்ப வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில், குறைந்த பெறுமதிப் பொதிக்கு இருந்த வரிவிலக்கு 2021 ஜூலை 1இலிருந்து இல்லை. பாரிஸ் நகருக்கு ஒன்று, ஜேர்மனிக்கு ஒன்று என்று அனுப்பினால் பெறுகிறவர் வாசலில் காசு கட்ட வேண்டி வரலாம். முன்பே சொல்லி வையுங்கள்.

உண்மையில் என் வெளிநாட்டுப் பிரதிகளில் பெரும்பாலானவை பயணப்பெட்டியில்தான் போயின. இருபது புத்தகம் எட்டுக் கிலோ. மிளகாய்த்தூளுக்கும் பினாட்டுக்கும் நடுவே ஐந்து புத்தகம் வைக்க ஒருவரும் மறுக்கமாட்டார். இருபது கேட்டால் முகம் மாறும். ஐந்து ஐந்தாகப் பிரித்துக் கொடுங்கள், பொதியின் மேல் பெயரும் இலக்கமும் எழுதுங்கள்.

10. வெளியீட்டு விழா

யாழ்ப்பாணத்து வெளியீட்டு விழாவே ஒரு கூட்டுநிதிதான். முதற்பிரதி, சிறப்புப் பிரதி, பிறகு வரிசை. கையில் காசு வைத்த கடித உறை. இந்த வழக்கம் முன்பதிவோடு மோதும். நான் அதை யோசிக்கவில்லை.

என் விழாவில் இளைப்பாறிய ஆசிரியை ஒருவர், முதற்கிழமையிலேயே பதிந்தவர், வரிசையில் நின்றபடி கைப்பையைக் கிளறி, பக்கத்தில் இருந்தவரிடம் உறை இருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாரும் கொடுக்கும்போது வெறுங்கையோடு மேடைக்கு வர அவருக்குக் கூச்சம். ஏற்கெனவே வாங்கிய புத்தகத்துக்கு இரண்டாம் தரம் காசு. நான் மேடையில் இருந்து பார்த்தேன், இறங்கிப் போவதற்குள் அவர் முறை வந்துவிட்டது.

அதனால்: பதிந்தவர்களுக்குப் பெயர் எழுதிய அட்டை ஒன்றை வாசலிலேயே கொடுங்கள். மேடைக்கு முதலில் அவர்களை அழையுங்கள். உறைக்குப் பதில் அட்டையைத் தந்து புத்தகம் வாங்கட்டும். இதைத் தலைமை தாங்குகிறவர் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

பேச்சாளர்கள் மூன்று பேருக்கு மேல் வேண்டாம். மதிப்பீட்டுரை செய்பவருக்கு ஒரு மாதம் முன்பே பிரதி கொடுத்து, முடிவைச் சொல்லிவிடாதபடி கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் மேடைகளில் கதைச் சுருக்கம் சொல்லும் பழக்கம் கொஞ்சம் நீளம்.

11. கணக்கை மூடுவது

விழா முடிந்து இரண்டு கிழமைக்குள் வரவு செலவை ஒரு பக்கத்தில் எழுதி, பதிந்த எல்லாருக்கும் அனுப்புங்கள். நட்டமென்றால் நட்டம் என்றே எழுதுங்கள். என்னுடையதில் 6,200 ரூபா துண்டு விழுந்தது, காரணம் இரண்டாம் முறை அனுப்ப வேண்டி வந்த பதினான்கு பொதிகள். முகவரியில் வீட்டு இலக்கம் கேட்காமல் விட்டது என் பிழை.

அச்சகத்தார் தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குக் கொடுக்க வேண்டிய பிரதிகளைக் கொடுத்தார்களா என்று கேளுங்கள். யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்கும் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுங்கள்.

மிஞ்சிய பிரதிகளை வெறும் நிலத்தில் அடுக்காதீர்கள். மாரி வந்தால் சீமெந்துத் தரை வியர்க்கும், சுவரோரம் கறையான் ஏறும். மரச் சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, புத்தகங்களைப் படுக்கையாக வையுங்கள். நிறுத்தி வைத்தால் முதுகு வளையும்.

எக்செல் தாளை அழிக்க வேண்டாம், இலக்கங்களை மாற்றவும் வேண்டாம். அடுத்த புத்தகத்துக்கும் 37ஆம் இலக்கக்காரர் 37 சதம்தான் அனுப்புவார்.